விற்பனைக்கு உண்டு: உம்மும்மாவின் வீடு

"விற்பனைக்கு உண்டு. கொட்டாஞ்சேனை. ஒல்லாந்தர் காலத்து வீட்டின் மேல்மாடி. மூன்று அறைகள்."

சென்ற நோன்புப் பெருநாளன்று மாமா தம் கைப்பேசியில் இந்த விளம்பரத்தை எல்லோருக்கும் காட்டினார். படத்தைப் பார்த்த பிறகுதான் அது என் உம்மும்மாவின் வீடு என்பது எனக்கு விளங்கியது. அந்த மேல்மாடியில் இன்றும் என் சாச்சி குடியிருக்கிறார். அவரைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். அது ஒல்லாந்தர் காலத்து வீடு அல்ல. ஒல்லாந்தர் 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்களுடைய கட்டடத்தைப் பார்க்க விரும்புவோருக்கு, 1749இல் அடிக்கல் நாட்டப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் அங்கேயே மேட்டில் நிற்கிறது. நாங்கள் இப்போது வாழும் ஹெந்தளையிலும் அவர்கள் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை உண்டு. உம்மும்மாவின் வீடோ ஆங்கிலேயர் காலத்தின் கடைசிப் பகுதியில் கட்டப்பட்டது என்று உறுதி சொல்கிறது. மரப்படி, தெருவைப் பார்த்த பல்கணி, நடுவிலே மழை விழும் முற்றம் எல்லாம் அதில் உண்டு. விலையைக் கூட்டுவதற்காக வீட்டின் வயதையும் கூட்டிவிட்டார்கள்.

பழைய வீட்டை விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கூரை ஒழுகுகிறது. மரப்படியைக் கறையான் தின்கிறது. பழுதுபார்க்கப் பணமில்லாதவர்களிடம் போய்ப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசிப்பது எளிது. என் கேள்வி வேறு. யாருடைய வீட்டை யார் விற்கிறார்கள்?

உம்மும்மா மௌத்தாகி நான்கு வருடங்கள். அவருக்கு இரண்டு ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள். வீட்டை ஆறு பங்காக்கினால் மாமாமார் இருவருக்கும் இவ்விரண்டு. உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒவ்வொன்று. பெண்ணுக்கும் பங்கு உண்டு, சொத்து சிறிதானாலும் பெரிதானாலும் உண்டு என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. விருப்பாவணம் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே பிரிய வேண்டும் என்று நாட்டின் 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் மாமா சொன்னது இதுதான்: "ஒங்கட பங்கெல்லாம் கலியாணத்துக்கே முடிஞ்சிட்டு. இனி ஒரு கையொப்பந்தானே."

இந்த வார்த்தையை எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள்! திருமணத்துக்குச் செய்த செலவு வேறு, வாரிசுரிமை வேறு. பெற்றோர் உயிரோடிருக்கும்போது அன்போடு கொடுத்ததை, அவர்கள் மறைந்த பிறகு கடன் கணக்காக எழுதுவது நியாயமல்ல.

மாமாவின் விளம்பரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிக்கப்படாத வீட்டில் ஒரு பங்காளி தன் பங்கை மட்டுமே விற்கலாம். மேல்மாடியைத் தனி வீடாக விற்பதென்றால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி அதற்குரிய வரைபடம் பதிவு செய்யப்பட வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு முற்பணம் கொடுப்பவர் நாளை நீதிமன்றத்தில்தான் நிற்பார். பங்காளிகள் பிணங்கினாலும் போய்ச் சேருமிடம் அதுவே. 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி எந்தப் பங்காளியும் வழக்குத் தொடரலாம். பிரிக்க முடியாத சொத்தை விற்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதும் வழியல்ல, வீம்புக்கு மறுப்பதும் வழியல்ல.

காலிக் கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அதன் பின்னர் வெளிநாட்டவரும் அந்த வீடுகளைத் தேடி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, வீட்டை விற்றுவிட்டு வெளியேறின. சுவர்கள் அழகாகப் பேணப்படுகின்றன. பல வீடுகள் விடுதிகளாகிவிட்டன. சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சுவருக்குள் பிள்ளை பெற்று, நோன்பு நோற்று, மையித்தைக் குளிப்பாட்டிய மனிதர்களின் கதையைக் குடும்பம்தான் காக்க வேண்டும்.

எனவே பெற்றோர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். விளம்பரத்துக்கு முன்பு பங்காளிகள் எல்லோரையும், பெண்களையும் சேர்த்து, ஒரே பாயில் உட்கார வையுங்கள். வீட்டில் குடியிருப்பவருக்கு மாற்றிடம் பார்த்த பின்னரே விலை பேசுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன்பு வீட்டைப் படமெடுத்து, மூத்தவர்களிடம் கேட்டு அதன் கதையை எழுதி வையுங்கள். மூன்றாவது வேலையைப் பிள்ளைகளாகிய எங்களிடம் விடலாம்.

என் திருத்தத்தை மாமா ஏற்றுக்கொண்டார். விளம்பரத்தில் இப்போது "ஆங்கிலேயர் காலத்து வீடு" என்று இருக்கிறது. சாச்சியைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. உம்மா கையொப்பமிடவில்லை. "விக்கிறத்துக்கு நான் மறுப்பில்ல நானா, தங்கச்சிக்கு முதல்ல ஒரு இடம் பாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

தோழிகளே, உங்கள் வீட்டு உறுதி எங்கே இருக்கிறது, அதில் யார் யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே உங்கள் உம்மாவிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து வாப்பாவிடம் கேளுங்கள்.