நாசா சொன்னதும் நர்சரி சொல்வதும்

எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு தனி வரிசை இருக்கிறது. ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட். மேலே ‘காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்’ என்றொரு பலகை. கேட்டால் “நாசாவே சொல்லியிருக்கு சார்” என்பார்கள். வாட்ஸ்அப்பிலோ ஒரே நாளில் 87 சதவீத நச்சு போய்விடும் என்று கணக்கே வருகிறது. இயற்பியல் படித்தவரும் தலையாட்டிவிட்டு இரண்டு தொட்டி வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைக்கிறார். ராசிக்கல் விற்பவரிடம் ஆயிரம் கேள்வி கேட்பவர் இங்கே ஒன்றும் கேட்பதில்லை. நாசா என்ற பெயருக்கு அவ்வளவு மகிமை.

ஆய்வு நடந்தது உண்மை. 1989இல் பி.சி. வால்வர்ட்டன் என்ற விஞ்ஞானி, மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள நாசாவின் ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தில் அதைச் செய்தார். கட்டடங்களுக்குள் செடி வைத்துத் தரும் ஒப்பந்தக்காரர்களின் சங்கம் அதற்குத் துணை நின்றது. அதற்காக நான் ஆய்வைச் சந்தேகிக்கவில்லை. அதில் கண்டது கண்டதுதான். எங்கே கண்டார்கள் என்பதைத்தான் நம் ஆட்கள் விழுங்கிவிட்டார்கள். ஒரு கன மீட்டருக்கும் குறைவான, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு செடி. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றை ஒருமுறை செலுத்திவிட்டு, 24 மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. விண்கலத்துக்குள் மனிதர் வாழ்வது பற்றி யோசிப்பவர்களுக்கு அது பயனுள்ள செய்தி.

நம் படுக்கையறை அப்படிப்பட்ட பெட்டி இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் முப்பது கன மீட்டருக்கு மேல் காற்று இருக்கிறது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக அது மாறிக்கொண்டே இருக்கிறது. நச்சும் ஒருமுறை வந்து நிற்பதில்லை. பிளைவுட் அலமாரியின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு நாள்தோறும் கசிகிறது. இன்னொன்று: வால்வர்ட்டனின் ஆய்விலேயே, வேலையில் கணிசமான பங்கு இலையினுடையது அல்ல, வேரையும் மண்ணையும் சேர்ந்த நுண்ணுயிர்களுடையது என்று தெரிந்தது. தூண்டப்பட்ட கரி நிரப்பிய தொட்டிக்குள் விசிறி வைத்துக் காற்றை வேர் வழியே இழுக்கும் அமைப்பையும் அவர் சோதித்தார். நர்சரிப் பலகையில் விசிறியும் இல்லை, கரியும் இல்லை.

2019இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் இருவரும் இப்படிப்பட்ட 12 ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த 196 சோதனைகளை எடுத்து ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை தேவை. மேலே சொன்ன அறைக்குக் குறைந்தபட்சக் கணக்கே நூற்றுப்பத்துத் தொட்டி. கட்டிலை மொட்டை மாடிக்குத்தான் தூக்க வேண்டும்.

அடுத்தது, ‘இரவிலும் ஆக்சிஜன் தரும்’ என்ற கதை. அரச மரத்தையும் துளசியையும் சுற்றி வந்த இந்தக் கதைக்கு இப்போது ஸ்நேக் பிளான்ட்டும் வாரிசாகிவிட்டது. செடி விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. 1941இல் ரூபன், கேமன் குழு அதைக் காட்டியது. தண்ணீரைப் பிளக்க ஒளி வேண்டும். ஒளி இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் உற்பத்தி செய்யாது. ஸ்நேக் பிளான்ட் இரவில் இலைத்துளைகளைத் திறப்பது கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்க. அதை வைத்துச் சர்க்கரை செய்வது விடிந்த பிறகுதான். வறண்ட நிலத்துச் செடி நீரை மிச்சம் பிடிக்கும் உத்தி அது, நமக்கான உபகாரம் அல்ல. இரவில் செடி காற்றைக் கெடுக்கிறது என்று 1779இலேயே இங்கன்ஹவுஸ் எழுதிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு புளிய மரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும் என்று பேய்க்கு விஞ்ஞான விளக்கம் தருபவர்களும் உண்டு. அதுவும் வீண் பயம். பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடி விடுவது ஒன்றுமே இல்லை.

நம்பிவிட்டுப் போகட்டுமே, செடி வளர்ப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நம் வீடுகளில் இது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். ‘காற்றுக்காக’ மணி பிளான்ட் பாட்டிலில் நிற்கிறது. தண்ணீரை வாரக்கணக்கில் யாரும் மாற்றுவதில்லை. அந்தத் தெளிந்த நீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருள் கொளுத்துகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அத்தனை புகைக்கும் மூலையில் நிற்கும் ஒற்றைச் செடியைக் காவல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்த நிம்மதியைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் சாலைப் புழுதி வருமே என்பவர்களின் கேள்வி நியாயமானது. போக்குவரத்து குறைந்த நேரத்தில் திறக்கலாம். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கலாம். சமையலறைக்கு எக்ஸாஸ்ட் விசிறி போடலாம். வசதி இருந்தால் நல்ல வடிகட்டி உள்ள கருவி வாங்கலாம். இதில் எதற்கும் பீஸ் லில்லி மாற்று அல்ல.

செடி வாங்குங்கள். பச்சை கண்ணுக்கு இதம், துளிர் விடுவதைப் பார்ப்பது மனதுக்கு இதம், அது போதாதா? நர்சரிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று எழுதி மாட்டுங்கள். வாங்கிப் போகும் செடியாவது பிழைக்கும்.