பயிற்றுவோர்க்கும் பயிற்சி வேண்டும்

திருப்பூரில் பின்னி, சாயமேற்றி, வெட்டித் தைத்து அனுப்பும் பனியன்களை அணிந்து உலகத்தின் பற்பல தேசங்களில் வாலிபர்கள் ஓடுகின்றனர், பந்தாடுகின்றனர். பாரத தேசத்தின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது இந்த ஒரு நகரத்தைச் சேர்ந்ததாகும். அன்னியர் உடலுக்கு அளவெடுத்து உடுப்புத் தைத்துத் தரும் நகரம், அதைத் தைக்கும் கைகளின் தேக நலத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்ற கேள்வியை இன்று நமது நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

தேகப்பயிற்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடனே, மைதானம் வேண்டும், கூடம் வேண்டும், கருவிகள் வேண்டும் என்று மகஜர் எழுதுவோர் நம்மிடையே பலர். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் அந்த மைதானத்தின் நடுவே நிற்கப்போகும் ஆசான் யார், அவர் கற்றது என்ன, கற்று எத்தனை வருஷமாயிற்று என்று விசாரிப்போர் மிகச் சிலர். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் நிற்கும். ஆசானின் அறிவுக்குப் பணம் கொடுத்தால் கல்வெட்டு ஏது? இந்த அசட்டையின் விலையைத்தான் நாம் இப்போது கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

இந்த வித்தை நமக்குப் புதியதன்று. 1920-ஆம் வருஷத்திலேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். டிரில் மாஸ்டர் என்றால் உரக்கக் கத்துபவர் என்றிருந்த காலத்தில், தேகத்தின் அமைப்பும் இயக்கமும் அறிந்தவரே ஆசானாகலாம் என்ற கொள்கையை அவர் நாட்டினார். 1924-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியை நடத்திச் சென்றவரும் அவரே. கொங்கு நாட்டைப் பார்த்தால், திருப்பூரிற் பிறந்து வழக்கறிஞராகிப் பின்னர் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாகவும் இருந்த ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில், 1956-ஆம் வருஷம் மாருதி உடற்கல்விக் கல்லூரி தோன்றியது. அது இருக்கும் பெரியநாயக்கன்பாளையம் திருப்பூருக்கு வெகு தூரமன்று. 1961-இல் பாட்டியாலாவில் தேசீய விளையாட்டுப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. 2004-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டாயிற்று. ஆகவே, கற்பிக்கும் ஸ்தாபனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாம் பட்டத்தைக் கல்வியின் முடிவாக எண்ணிவிட்டோம். இருபத்து நான்கு வயதில் பட்டம் பெற்று வேலையிலமர்ந்த ஆசான், ஓய்வு பெறும் வரையில் அன்று எழுதிய குறிப்பேட்டையே நம்பிக் காலம் தள்ளுகிறார். 2014-ஆம் வருஷத்து விதிகள் ஒரு வருஷமாயிருந்த பி.பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கின, நல்லதே. ஆனால் பட்டத்துக்கு முன் ஒரு வருஷம் கூட்டியதால், பட்டத்துக்குப் பின் வரும் முப்பது வருஷம் நிரம்பிவிடுமா? திருப்பூரில் வட்டப் பின்னல் யந்திரம் ஒன்று புதிதாக வந்து இறங்கினால், அதை ஓட்டுவோருக்கும் பழுது பார்ப்போருக்கும் உடனே பயிற்சி அளிக்கிறார்கள். மனித தேகம் என்ற யந்திரத்தைக் கையாளுவோருக்கு மட்டும் பழைய பாடம் போதும் என்பது என்ன நியாயம்?

பழைய பாடம் போதாது என்பதற்கு அத்தாட்சி வெகு தூரம் தேட வேண்டியதில்லை. மாரடைப்புக் கண்டவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலம் ஒன்று உண்டு. இன்று மேற்பார்வையுடன் அளந்து கொடுக்கும் உடற்பயிற்சி அவருக்குரிய சிகிச்சையில் ஒரு பகுதி. 1953-இல் ஜெரிமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்து, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைக் காட்டிலும், மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவென்று கண்டார். 1956-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நமது தேசத்திலேயே நடந்தது. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரைப் பரிசீலித்ததில், உட்கார்ந்தே பொழுது போக்கியவர்கள் உழைப்பவர்களுக்குக் குறையாமல் உண்டு, அவர்களைவிடப் பருத்திருந்தது வெளியாயிற்று.

இவற்றைக் கேட்ட முதலாளி ஒருவர், "எங்கள் தொழிலாளர் நாள் முழுவதும் உழைக்கிறார்களே, அவர்களுக்குத் தனியாகத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று வினவக்கூடும். அதற்கும் விடை வந்திருக்கிறது. கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவரைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்குவோருக்கு இருதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் மட்டும் உடலை வருத்துவோருக்கோ அவை அதிகரித்தன. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. முன்னதில் நேரமும் நிறுத்தமும் பிறர் கையில். பின்னதில் அளவும் ஓய்வும் நம் கையில்.

இதைத் திருப்பூரோடு பொருத்திப் பாருங்கள். ஒன்றரை ஷிப்டு முடியும் வரையில் தையற்காரர் பவர் டேபிளின்மேல் குனிந்த முதுகு நிமிராமல் அமர்ந்திருக்கிறார். அயர்ன் போடுபவரும் செக்கிங் செய்பவரும் உட்காராமல் நிற்கிறார்கள். கைமடிக்கும் பெண்ணின் தோளும் மணிக்கட்டும் ஒரே அசைவை ஆயிரம் முறை செய்கின்றன. ஒருவருக்கு வேண்டியது நடை. மற்றொருவருக்கு வேண்டியது உட்காருதல். மூன்றாமவருக்கு வேண்டியது தோளைப் பலப்படுத்தும் பயிற்சி. மூவரையும் வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று சொல்லும் ஆசானால் யாருக்கும் நன்மையில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்கு முதல் மருந்து ஓய்வே என்று முதலாளியிடம் துணிந்து சொல்லத் தெரிந்தவரே மெய்யான நிபுணர். தமிழ்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. ஆதலால் இது விளையாட்டு வீரரை மட்டும் பற்றிய விஷயமன்று.

விளையாட்டு வீரர் நிலைமையும் பெருமைப்படத் தக்கதாயில்லை. 2023-ஆம் வருஷத்தில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 100-க்கு 3.8 வீதம் ஊக்க மருந்துக் குற்றத்தைக் காட்டின. 5,000-க்கு மேல் சோதித்த தேசங்களில் இந்த அவமானத்தில் நமக்கே முதலிடம். எந்த மாவில் என்ன கலந்திருக்கிறதென்று அறியாத பயிற்சியாளர் கொடுக்க, அறியாத பையன் உண்கிறான். 2022-ஆம் வருஷத்து ஊக்க மருந்துத் தடைச் சட்டம் பயிற்சியாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. பொறுப்பைச் சுமத்திய சட்டம், அறிவை யார் கொடுப்பதென்று தீர விசாரிக்க வேண்டாமா?

நாம் வழக்கறிஞர் தொழிலைச் சேர்ந்தவர். அதிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுவோம். சட்டப் பட்டம் பெற்றவன் 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துகொண்டாலன்றி நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பதிவு செய்தும் மூத்த வக்கீல் ஒருவரின் கட்டுக்களைச் சுமந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்கிறான். மருத்துவருக்குப் பதிவேடு உண்டு. இயன்முறைச் சிகிச்சையாளரையும் 2021-ஆம் வருஷத்துச் சட்டம் சேர்த்துக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடத்து ஆசானுக்கு மட்டும் கட்டாயப் பதிவேடு ஒன்றுமில்லை. புஜம் திரண்டிருப்பதே அவருடைய சன்னது! பிரிட்டனில் 1984 முதல் இத்துறைக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பட்டம் பெற்றவர் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் பழகிய பின்னரே அதன் அங்கீகாரம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் 2006 முதல், நாட்பட்ட நோயாளிக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிபுணர் செய்யும் சேவைக்கு அரசாங்க மருத்துவ நிதியே உதவுகிறது. வருஷந்தோறும் கற்றதற்குக் கணக்குக் காட்டாதவருக்கு அந்த அங்கீகாரம் நிலைப்பதில்லை.

ஆசானைக் குறை கூறிவிட்டுப் போவது நமது நோக்கமன்று. 2012-ஆம் வருஷத்தில் சர்க்கார் 16,000-க்கு மேற்பட்டோரைச் சித்திரம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியராக மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. பின்னர் அத்தொகை சிறிது சிறிதாக உயர்ந்தது என்றாலும், அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் எந்தக் காசில் புஸ்தகம் வாங்குவார், எந்த விடுமுறையில் வகுப்புக்குப் போவார்? பள்ளிகளிலோ கணக்கு வாத்தியார் வந்து விளையாட்டு மணியைக் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்யாதீர் என்று 2022-இல் விளையாட்டுத் துறை மந்திரியே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தொழிலுக்கு மதிப்புக் கொடாமல் தொழிலாளியிடம் தேர்ச்சியை எதிர்பார்ப்பது, விதைக்காமல் அறுக்க நினைப்பதாகும்.

நமது யோசனை சுருக்கமானது. திருப்பூரில் தேகப்பயிற்சி ஆசான்களுக்கென்று நிரந்தரமான தொடர் கல்வி வகுப்பு ஒன்று ஏற்பட வேண்டும். பாடம் சொல்ல மாருதி கல்லூரி அருகிலிருக்கிறது. நோயைப் பற்றி விளக்க 2022 ஜனவரியில் திறந்த அரசாங்க மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. பழகிப் பார்க்கத் தொழிற்சாலைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. புதிதாக வருபவர் ஒரு வருஷமாவது மூத்தவரின் கண்காணிப்பில் பழக வேண்டும். வேலையிலிருப்பவர் வருஷத்தில் பத்து நாளாவது சம்பளத்துடன் கற்க வேண்டும். சர்க்கார் பதிவேடு ஒன்றைத் திறந்து, கற்றவரை மட்டும் அதில் நிலைநிறுத்த வேண்டும். செலவுக்கு வழி? 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளின் லாபத்தில் 100-க்கு 2 வீதம் பொதுநலத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அந்த அட்டவணையில் உண்டு. கூட்டு வியாபாரமாக நடக்கும் சிறு ஸ்தாபனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவற்றைக் கட்டாயப்படுத்த வேண்டியது மனச்சாட்சி.

பனியனில் முறிந்த ஊசியின் துணுக்கு ஒன்று தங்கிவிடக்கூடாதென்று ஒவ்வொரு துணியையும் சோதனை யந்திரத்தில் செலுத்தும் ஊர் இது. அவ்வளவு ஜாக்கிரதை கடல் கடந்தவன் உடலுக்காக! அதில் நாலில் ஒரு பங்கு தன் மகன், தன் தொழிலாளி, தன் பள்ளிச் சிறுமி ஆகியோரின் உடலை ஒப்படைக்கும் கைகளைச் சோதிப்பதில் காட்டினால் போதும். திருப்பூர்ப் பெரியோர்கள் இதை யோசிப்பார்களாக. யோசிப்பதோடு நில்லாமல் செய்வார்களாக.