கரிசல் பருத்தியும் வாஷிங்டன் கருவூலமும்

உலகச் சந்தையோடு போட்டியிடத் திராணியற்றவன் நம் விவசாயி என்று உபதேசிப்பவர்கள், ஒருமுறை கோவில்பட்டிக் கரிசலுக்கு வந்து பார்க்கட்டும். ஐப்பசி மழையை நம்பி மானாவாரியில் பருத்தி ஊன்றும் சம்சாரி மோதுவது அமெரிக்க விவசாயியின் திறமையோடு அல்ல, அந்நாட்டின் கருவூலத்தோடு.

தன் பருத்திப் பண்ணையாளர்களுக்கு அமெரிக்கா கோடிக்கணக்கான டாலர் மானியம் தருகிறது. அதில் பெரும்பகுதி பெரும் பண்ணைகளுக்கே. மெம்ஃபிஸிலிருந்து இயங்கும் தேசியப் பருத்திக் கழகம் வேட்பாளர்களுக்குத் தேர்தல் நிதி அளிக்கிறது. வென்றவர்கள் விவசாயச் சட்டம் எழுதுகிறார்கள். 2002இல் பிரேசில் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் அமெரிக்கா தோற்றது. மானியத்தை ஒழித்ததா? 2010 முதல் பிரேசிலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014இல் மேலும் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. (வாய்க்கரிசி என்பார்கள் எங்கள் பக்கம்.) 2018இல் பருத்திக்கான மானியம் வேறு பெயரில் திரும்பியது. வழக்காட வசதியில்லாத கரிசல்காட்டுக்கு ஒரு சல்லிகூட வரவில்லை.

நம் தில்லி மட்டும் யோக்கியமா? அமெரிக்கா 50 சதவீத வரியால் மிரட்டிய 2025 ஆகஸ்டில், ஆலை முதலாளிகள் கேட்டபடி, பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை டிசம்பர் இறுதிவரை நீக்கியது. ஆலைகளுக்கு நெருக்கடி இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் விதைக்கப்போகும் சம்சாரியை யார் கேட்டார்கள்? அவர் மாசியில் பருத்தி எடுத்துச் சந்தைக்குப் போகும்போது, வரியின்றி வந்திறங்கிய பஞ்சு கிடங்கிலிருந்தே விலை பேசும்.