மின்சார வண்டி முதலில் மலைக்கு வரட்டும்

கனடாவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், கொழும்பில் வாடகைக்கு எடுத்த மின்சாரக் காரில் எல்ல, அப்புத்தளைப் பக்கம் சுற்றிவிட்டுக் கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினார். அப்புத்தளையில் புறப்பட்டபோது இருந்ததைவிட வெல்லவாயவில் மின்கலத்தில் கூடுதல் மின்சாரம் இருந்ததாம். அதிசயம் என்றார். அதிசயம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றரை ஒட்டியது. 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,200 மீற்றர் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 5 அலகு மின்சாரத்துக்குச் சமம். பெற்றோல் வண்டி இதில் பெரும்பகுதியைப் பிரேக்கிலும் இயந்திரத்திலும் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. மின்சார வண்டியிலோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, சாலை உராய்வுக்குப் போக மிஞ்சுவதில் பெரும்பங்கை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மலையுச்சியில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு புறப்படுவோருக்கு மட்டும் இந்த லாபம் கிட்டாது. வருவதை வைக்க இடமிராது.

ஏற்றத்திலும் இதே கதைதான். நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைக் கொடுப்பது மின்மோட்டார். கியர் மாற்றி மாற்றி, இயந்திரம் அலற அலறப் பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் ஏறும் முச்சக்கர வண்டியில் ஒருமுறை அமர்ந்தவருக்கு இதன் அருமை விளங்கும். இலங்கையில் மின்சார வண்டிக்கென்றே அமைந்த நிலம் எதுவென்று கேட்டால், ஊவாவையும் அதன் தோட்டங்களையும்தான் காட்டுவேன்.

ஆனால் அந்த வண்டிகள் இங்கே இல்லை. நண்பருக்கும் எனக்கும் வழக்குத் தொடங்கியது இந்த இடத்தில்தான். நாடு முன்னேறுகிறது என்றார் அவர். யாருடைய நாடு என்று கேட்டேன்.

இந்நாட்டின் மின்வாகனக் கொள்கை என்பது கொழும்பின் கார்க் கொள்கையே. 2015ஆம் ஆண்டில் வரி குறைந்திருந்தபோது நிசான் லீஃப் கார்கள் வந்து குவிந்தன. அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே வரி ஏறியது, வரத்தும் படுத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாடு டொலருக்குத் தவித்த 2022இல், வெளிநாட்டில் உழைப்போர் தாம் அனுப்பும் டொலரின் அளவுக்கேற்ப மின்சாரக் கார் இறக்கிக்கொள்ளலாம் என்று சலுகை பிறந்தது. பதுளைத் தோட்டங்களிலிருந்து வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற எத்தனை பேர், பாத்திரம் கழுவி அனுப்பிய காசுக்குக் கார் இறக்கியிருப்பார்கள்? 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. திறந்த வேகத்தில், சீனத்து பி.வை.டி. கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் நீதிமன்றம் வரை வழக்கு. வரி கிலோவாட்டைப் பார்த்து விதிக்கப்படுவதால் அந்த வழக்கில் நியாயம் இருக்கலாம். இத்தனை சந்தடியிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வண்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதே என் வழக்கு.

2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. மறுமாதம் கியூ.ஆர். அட்டை வந்தது: காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். கொழும்பில் இது சிக்கனம். தோட்டத்திலோ அந்த முச்சக்கர வண்டிதான் பஸ், அதுதான் சந்தைக்குப் போகும் லொறி, நள்ளிரவில் அதுவே அம்புலன்ஸ். அதற்கு முன்பு அந்தக் கடமையைச் செய்தது கொழுந்து லொறி. பிரசவ வலி கண்ட பெண்ணைச் சாக்கு விரித்து லொறியில் கிடத்தி, கல் பதித்த தோட்டப் பாதையில் உருட்டிக்கொண்டு போனதைச் செய்தியாளனாக அலைந்த காலத்தில் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். வாரத்துக்கு 5 லீற்றர் என்று தீர்மானித்தவருக்கு அந்தப் பாதை எத்தனை மைல் என்று தெரிந்திருக்காது.

மின்சாரத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாட் தருகிறது. 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதன் சுரங்கத்தைத் தோண்டியபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஊவாவின் தண்ணீர், ஊவாவின் கிணறு, ஊவாவின் சுவர். அதில் பிறந்த மின்சாரத்தில் கொழும்புக் கார் ஓடலாம். பசறை ஓட்டோ மட்டும் பெற்றோலுக்குக் காத்திருக்க வேண்டுமா?

எதிர்வாதம் எனக்கும் தெரியும். லயத்தில் மின்னேற்ற இடம் ஏது? காணிக்கு உரிமையில்லை, வண்டி நிறுத்த முற்றமில்லை, பழைய வயரிங் ஒரு கேத்தலுக்கே திணறும். மின்கலம் தீர்ந்தால் மாற்றப் பணம் ஏது? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக உயர்ந்ததே பெரிய போராட்டத்துக்குப் பின்பு. உண்மைதான். இவை மின்வண்டியின் குற்றங்களல்ல, லயத்தை லயமாகவே வைத்திருப்பவர்களின் குற்றங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது ஆலையும் போயிற்று. அந்த ஆலையில் வலுவான மும்முனை மின்சாரம் இருக்கிறது. அதன் வாசலில் நான்கு மின்னேற்றிகளை வைக்க எந்தச் சட்டம் தடுக்கிறது? பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்வண்டிகளாக மாற்ற 2023இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு ஒரு முயற்சி தொடங்கியது. அதை முதலில் பதுளை, பசறை, வெலிமடைத் தரிப்பிடங்களுக்குக் கொண்டுவாருங்கள். மின்கலத்தை ஓட்டுநர் தலையில் கட்டாமல் வாடகைக்குக் கொடுங்கள். தோட்டத்துக்கு ஒரு மின்சார வைத்திய வண்டி கொடுங்கள். சொகுசுக் கார்களில் வசூலிக்கும் வரியில் ஒரு துளி போதும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து வீதிகள் அறுந்தன, மின்சாரமும் போயிற்று. "அன்றைக்கு உங்கள் மின்வண்டி என்ன செய்திருக்கும்?" என்று நண்பர் மடக்கினார். அன்றைக்குப் பெற்றோல் பவுசரும் வரவில்லை என்றேன். தேசிய மின்வலை மலைக்கு வருவதற்கு முன்பு தேயிலை ஆலைகள் பல தோட்டத்து ஓடையில் சுழலி வைத்தே இயங்கின. வலை வந்ததும் அவை கைவிடப்பட்டன. பண்டாரவளைக்கு அப்பால் ஓர் ஆலையின் பின்புறம் அப்படியொரு சுழலி இன்னும் கிடக்கிறது. சென்ற முறை நான் போனபோது அதன் குழாயின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஓடை ஓடிக்கொண்டிருந்தது.