கூட்டத்தைத் துரத்தாதீர்கள்... திருத்துங்கள்!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு கேட்டபோது, என்னிடமிருந்து கவிதை வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு வருவது தொண்டைச் சத்தம் ஒன்றுதான். மூன்று வருடமாக நம்ம மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடக்கும்போதெல்லாம், வேப்பமரத்தடியில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் நான்தான்.

இந்த வருட மண்டல அரையிறுதியில் நடந்ததற்குப் பிறகு ஒரு யோசனை பேசப்படுகிறது. அடுத்த ஆண்டு முதல் நம்ம மைதானத்தில் ஆட்டம் நடந்தால் பார்வையாளர் யாரும் கூடாதாம். கேட்டைப் பூட்டிவிட்டு, இருபத்திரண்டு பேரும் நடுவர்களும் மட்டும் உள்ளே! அது கூடாது என்பது என் கட்சி. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பதை, முழுதும் படித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில், சொந்த மைதானம் என்றால் என்ன சாதகம் என்று பார்ப்போம். டிப்ளமோ படிக்கிறவர்கள் நாம். எதையும் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தால்தானே நமக்குப் புரியும்!

முதல் பாகம் தரை. நம்ம மைதானத்தின் தென்மேற்கு மூலையில் தரை சரிவாக இருக்கிறது. அங்கே விழும் பந்து நேராக எழும்பாது, கோல் பக்கமாகத் திரும்பும். மாலை நான்கு மணிக்கு மேல், மேற்கே பார்த்து நிற்கும் கோல்கீப்பருக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இதெல்லாம் நமக்கு மனப்பாடம். வந்தவனுக்குத் தெரிவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். பொலிவியா நாட்டுக்காரர்கள் லா பாஸில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் பல ஆண்டுகள் ஆடிவந்தார்கள். அங்கே மூச்சு வாங்கும் காற்றே அவர்கள் பக்கம்! 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, மெஸ்ஸியையும் வைத்துக்கொண்டு அங்கே 6-1 என்று தோற்றது. நமக்கு மலை இல்லை, ஒரு மூலைச் சரிவுதான்.

இரண்டாவது பாகம் தூக்கம். நாம் ஹாஸ்டலில் சாப்பிட்டுவிட்டு நடந்து வருகிறோம். வருகிறவன் விடியற்காலை பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கோரிப்பாளையம் வந்து, நெரிசலில் பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து ஆடுகிறான்.

மூன்றாவது பாகம்தான் நான் சொல்ல வந்தது. சத்தம்! சத்தம் யாரைப் பாதிக்கிறது? நம்ம ஆளுக்கு உற்சாகம், எதிராளிக்குப் பயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இங்கிலாந்தில் 2002-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது. தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேரிடம் ஒரே ஆட்டத்தின் மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு. மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு! நடுவர் திருட்டுத்தனம் செய்யவில்லை. அவரும் மனிதர்; காது இருக்கிறது; சந்தேகம் வரும்போது காது சொல்வதைக் கை கேட்டுவிடுகிறது.

2020-இல் கொரோனா வந்தபோது இதற்கு உலக அளவில் ஒரு பரிசோதனையே நடந்துவிட்டது. ஜெர்மனியில் மே 16 அன்று காலி மைதானத்தில் லீக் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. கூட்டம் இல்லாத அந்த மாதங்களில் உள்ளூர் அணிகளின் வெற்றி அங்கே வெகுவாகக் குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் அதிகமாகக் காட்டிவந்த மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. தரை அதே தரை, கோல் போஸ்ட் அதே போஸ்ட். இல்லாமல் போனது கூட்டம் மட்டும்தான்.

ஆகவே நண்பர்களே, சத்தத்துக்குச் சக்தி உண்டு. சக்தி உள்ள எதையும் சும்மா விடக்கூடாது என்று ஒர்க்ஷாப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். லேத் மெஷினுக்கு கார்டு போடுகிறோம். சத்தத்துக்கு யார் போட்டது?

இப்போது அந்த அரையிறுதி.

தெற்கே கடற்கரைப் பக்கமிருந்து வந்த அணி. அவர்களின் கோல்கீப்பர் முதலாமாண்டுப் பையன். ஒல்லி, கறுப்பு, நல்ல உயரம். முதல் பாதியில் நம்ம ஆட்கள் அடித்த நாலு நல்ல ஷாட்டுகளைத் தடுத்துவிட்டான். ஸ்கோர் 1-1. எங்களுக்குப் பொறுக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு கூட்டத்தோடு அவன் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். டின் தாளத்துக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. கடற்கரை ஊர்தானே என்று "கருவாடு! கருவாடு!" என்று ஆரம்பித்தேன். இருநூறு பேர் வாங்கிக்கொண்டார்கள். பந்து அவனிடம் போகும்போதெல்லாம் அதே கத்தல். இரண்டு தடவை நடுவரிடம் கையைக் காட்டினான். நடுவர் எங்களைப் பார்த்தார்; அதோடு சரி.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். எங்கள் பக்கமிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்துபோய் கோலுக்குள் விழுந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் நம்ம ஆள் அடித்துவிட்டான். தாமதமாகப் பாய்ந்ததில் அவன் மணிக்கட்டு போஸ்ட்டில் மோதியது. கோல்! 2-1. நாங்கள் டின் நசுங்கும்வரை தட்டினோம்.

பி.டி. சார் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "டேய், நீயும் அவனும் வாங்கடா. அந்தப் பையனை ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வேண்டுமென்றேதான் என்னை அனுப்பினார் என்று இப்போது தோன்றுகிறது.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பையன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, டின் தட்டுனது நீங்கதானே?"

"ஆமாப்பா..."

"தாளம் நல்லா இருந்துச்சுண்ணே."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "கருவாடு வித்துத்தாண்ணே எங்க வீட்ல எனக்கு ஃபீஸ் கட்டுறாங்க. அதுல எனக்கு வெக்கமெல்லாம் இல்ல. ஆனா எங்கப்பா நான் ஆடி ஒரு மேட்சும் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் மொத மொத வந்திருந்தாரு."

அந்த அப்பா கொஞ்ச தூரத்தில் மகனுடைய பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. "சாப்பிட்டீங்களா தம்பி? வந்து ரொம்ப நேரமாச்சே" என்று கேட்டார்.

எலும்பில் கீறல், ஆறு வாரம் கட்டு. எட்டு மணிக்கு அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஜெயித்த அணியின் ஆதரவாளன் மாதிரியே இல்லை நான்.

"இதைத்தான் நாங்களும் சொல்கிறோம், கேட்டைப் பூட்டு" என்பீர்கள். கூட்டம் கெட்டுப் போவதற்குச் சாட்சியும் நிறைய உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது கூட்டத்துக்குள் கலவரம் ஏற்பட்டு 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதே ஈடனில் 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தடுமாறியபோது கூட்டம் பாட்டில்களை வீசியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்குப் போனது. சொந்தக் கூட்டமே சொந்த அணிக்கு அவமானம் தேடிக் கொடுத்தது!

ஆனால் 1999 ஜனவரி 31, சேப்பாக்கம்? நம்ம தமிழ்நாடுதானே அதுவும். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கமே ஒரு கணம் செத்துப்போன மாதிரி ஆனது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது. அன்று கேட்டைப் பூட்டியிருந்தால் அப்படி ஒரு பெருமை சென்னைக்குக் கிடைத்திருக்குமா?

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பைக்காக ஆடியது. ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கி, இடைவேளைவரை மினர்வா பஞ்சாபிடம் பின்தங்கியிருந்தது. பிறகு மூன்று கோல் போட்டு 3-1 என்று ஜெயித்தது. பின்தங்கியிருக்கும்போது கூடவே நிற்பதுதான் கூட்டத்தின் வேலை. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கோல் வாங்கினால், "வாடா மாப்ள, டீ குடிக்கப் போலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். சென்ற வருடம் கால்இறுதியில் தோற்றபோது கடைசி விசிலுக்கு மிச்சமிருந்தது பதினொரு பேர். நான் எண்ணினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூட்டம் இருந்தாலே வெற்றி என்பது மூடநம்பிக்கை. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு டிரா போதும். ரியோவின் மரக்கானா அரங்கில் 1,73,850 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் கோலும் பிரேசிலுக்கே. ஆனாலும் 2-1 என்று கோப்பையைக் கொண்டுபோனது சின்னஞ்சிறு உருகுவே. நம்ம சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை 2015-இல் வென்றது கோவா அணியை கோவாவிலேயே. 2018-இல் வென்றது பெங்களூரு அணியை பெங்களூரிலேயே. இரண்டும் 3-2. நம்ம மதுரைச் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது பஞ்சாபில், லூதியானாவில். அங்கே அவர்களுக்கு டின் தட்ட யார் இருந்தார்கள்? ஆட்டம் இருந்தது, ஜெயித்தார்கள்.

வெகுதூரம் போவானேன்? அலங்காநல்லூர், பாலமேடு போய்ப் பாருங்கள். காளை எந்த ஊர்க் காளையாக இருந்தாலும், யாருக்கும் பிடிபடாமல் நின்று விளையாடினால் கேலரி எழுந்து கத்தும். பிடித்த வீரன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவனுக்கும் விசில் பறக்கும். நல்ல ஆட்டத்துக்கு ஊர் கிடையாது என்று மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்பந்து மைதானத்துக்குள் வந்ததும் நமக்கு அது ஏன் மறந்துபோகிறது?

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கைகள்:

ஒன்று, கேட்டைப் பூட்டாதீர்கள். எல்லைக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோலுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது.

இரண்டு, டின் உண்டு, மேளம் உண்டு, பாட்டு உண்டு. ஆனால் எதிராளியின் ஊர், சாதி, நிறம், குடும்பத்தொழில் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும், நம்ம கேப்டனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவேண்டும். சொன்னவன் வெளியே போகவேண்டும். டின்காரனாக இருந்தாலும்!

மூன்று, மைதானத்துக்குள் பாட்டில் வேண்டாம். மரத்தடியில் இரண்டு பானை, நாலு டம்ளர். வந்தவர்களுக்கும் அதே தண்ணீர்.

நான்கு, வருகிற அணியை அழைத்துவர மாட்டுத்தாவணிக்கு இருவரை அனுப்புங்கள். ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் மைதானத்தில் பழக விடுங்கள். அந்தத் தென்மேற்கு மூலைச் சரிவையும் நாமே காட்டிவிடுவோம்.

இதைச் சொன்னதும் என் கூட்டாளி ஒருவன் சிரித்தான். "அப்புறம் நமக்குன்னு என்னடா சாதகம் இருக்கு?"

இருக்கிறதுடா! நம்மவன் கீழே விழுந்தால் "எந்திரிடா மாப்ள" என்று சொல்ல இருநூறு குரல் இருக்கிறது. இரண்டு கோல் பின்தங்கினாலும் டீக்கடைக்குப் போகாமல் நிற்க நானூறு கால் இருக்கிறது. அது போதாதா? அதுவும் போதாமல், பையனின் அப்பா காதில் விழும்படி கத்தித்தான் ஜெயிக்கவேண்டும் என்றால், அந்தக் கோப்பை எனக்கு வேண்டாம்.

அந்தப் பையனுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். போனவாரம் போனில் பேசினேன். "அடுத்த வருஷம் மறுபடி வருவேண்ணே, நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டான். நான் பாஸாகிப் போயிருப்பேன், அரியர் இல்லாவிட்டால்! ஆனால் ஒருநாள் லீவு போட்டாவது வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வேப்பமரத்தடியில் நிற்பேன். நம்ம அணிக்குத்தான் டின் தட்டுவேன். அவன் ஒரு நல்ல ஷாட்டைப் பிடித்தால் அதற்கும் தட்டுவேன்.

தயவுசெய்து, அன்றைக்குக் கேட் திறந்திருக்கட்டும்.

- இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை