எண்ணெய் அடிக்கப் போன கால்கள் மிதித்த நெல்

பெரும்போகம் நெருங்கும்போது எமது விவசாயிகள் பசளை விலையையும் நாசினி விலையையும் கணக்குப் பார்க்கின்றனர். அந்த நாசினியைத் தெளிக்கப் போகும் கால்கள் மிதித்து அழிக்கும் நெல்லை மட்டும் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அம்பாறை மாவட்டத்து வட்டைகளில் நெல் பெரும்பாலும் வீசியே விதைக்கப்படுகின்றது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதுமான இடத்தில் மூன்று, நான்கு என்று அள்ளி வீசுகிறோம். பாய் விரித்தாற்போல் நிற்கும் பயிருக்குள் தெளிகருவியைச் சுமந்து செல்பவர் காலை எங்கே வைப்பது? களைநாசினிக்கு ஒரு தடம், பூச்சிநாசினிக்கு இன்னொரு தடம். இளம்பயிர் மிதிபட்டால் ஓரளவு கிளைத்து மீளும். குடலைப் பருவத்தில் முறிந்தது மீளாது.

சென்ற போகத்தில் எனது வயலில் இதைக் கண்ணால் கண்டேன். எண்ணெய் அடிக்க வந்தவர் மீது கோபம் வந்தது. பின்னர் யோசித்தேன். அவருக்குக் கூலி டாங்கிக் கணக்கில். நடப்பதற்கு வழி விடாதவன் நான். குற்றம் யாருடையது?

பரிகாரம் செலவில்லாதது. வயலை மட்டப்படுத்திய பின் நீர் வடிவதற்குச் சிறு கான் இழுக்கிறோம் அல்லவா? அதைக் கயிறு பிடித்து, பத்து அடிக்கு ஒன்றாக, ஓர் அடி அகலத்தில் நேராக இழுத்து, அதற்குள் விதை வீசாமல் விட்டால் அதுவே நடைபாதை. தெளிப்பவர் இரு புறமும் ஐந்தைந்து அடிக்கு விசிறிக்கொண்டு ஒரே வேகத்தில் நடக்கலாம். ஓரிடத்தில் இரு தடவை அடிபடுவதும் இன்னோரிடம் விடுபடுவதும் குறையும்.

"பதினொன்றில் ஒரு பங்கு நிலம் வீணாகுமே" என்பார்கள். வீணாகாது. ஓரத்துப் பயிர் வெளிச்சமும் காற்றும் பெற்றுக் கூடுதலாகக் கிளைத்து, இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். விதைநெல்லும் மிச்சம். நெருக்கமான பயிரின் அடித்தண்டில் பெருகும் அறக்கொட்டியானுக்கு மருந்து எட்டுவதும் இலகு. தமிழ்நாட்டில் இப்பூச்சியைக் கட்டுப்படுத்த எட்டு முதல் பத்து அடிக்கு ஓர் அடி இடைவெளி விடும்படி விவசாயிகளுக்குச் சிபாரிசு செய்கின்றனர். ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் தெளிக்கும் இயந்திரத்தின் சில்லுகளுக்கென விதைக்கும்போதே தடம் விடுகின்றனர்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2022இல் ரூபாவின் வீழ்ச்சியால் விலைகள் எகிறின. நாசினியின் ஒவ்வொரு துளியும் காசு என்பதை அன்று படித்தோம். இன்று ட்ரோன் மூலமும் தெளிக்கின்றனர். ஆனால் ஓரிரு ஏக்கர் செய்யும் குத்தகைக்காரருக்கு அது எளிதில் கைக்கெட்டுவதல்ல.

எனவே, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் தண்ணீர்த் திகதியோடு இதனையும் பேசுமாறு வட்டவிதானைமாரையும் போடிமாரையும் கேட்டுக்கொள்கிறேன். வீண்விரயம் கூடாதென்பது எமது மார்க்கம் கற்றுத்தந்த பாடம். விளைந்த நெல்லை மிதித்து அழிப்பதும் விரயம்தான்.