ஒத்து கேட்ட காதுகளுக்கு ஜாஸ்

ஜாஸ் என்றாலே நட்சத்திர ஓட்டல் சங்கதி, ஆங்கிலம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் இலக்கிய நண்பர்களிலேயே உண்டு. கேட்க வருத்தமாக இருக்கிறது. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய இசை அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருந்துகொண்டு எழுதுகிற, வாசிக்கிற நமக்கு அதில் அந்நியமாக ஒன்றும் இல்லை.

திண்டிவனத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடி, ஆளுக்கொரு இசைத்தட்டைப் போட்டுக்காட்டுவதைச் சில மாதங்களாக வழக்கமாக வைத்திருக்கிறோம். ஒருநாள் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அலபாமா’. 1963 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். அதே ஆண்டு நவம்பர் 18இல் கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். ஐந்து நிமிடம்தான், பாட்டு வரி எதுவும் கிடையாது. பியானோ அடிமட்டத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து அதிர்ந்துகொண்டிருக்க, அதன்மேல் சாக்ஸபோன் தாளக்கட்டு இல்லாமல் மெல்ல எழுகிறது. வந்திருந்தவர்களில் ஒருவர் தவில் வாசிப்பவர். ஜாஸ் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. “ஒத்து புடிச்சிக்கிட்டு ஆலாபனை பண்றாரு” என்றார். நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. சாமி புறப்பாட்டின் பின்னால் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு நடந்த ஊர்க்காரர்களுக்கு, ராகத்தை அந்த இடத்திலேயே கற்பனையால் வளர்ப்பது என்றால் என்னவென்று தெரியும். ஜாஸுக்குள் நுழைய அந்தக் காது போதும்.

இசைக்காரர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்று, தன் ஜாஸ் பதிவுகளிலேயே வாசித்தார். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத், 1980இல் பம்பாய் ஜாஸ் விழா மேடையில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹாண்டியோடு சேர்ந்து வாசித்தார். ரசிகர்களான நாம்தான் பின்தங்கிவிட்டோம்.

இன்னொரு பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அடித்துக் கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய பாட்டு. நியூயார்க்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார இடம் தந்த ‘கஃபே சொசைட்டி’ விடுதியில் அவர் இதைப் பாடும்போது, பரிமாறுகிறவர்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். முடிந்ததும் மேடையை விட்டுப் போய்விடுவார். அவரோடு ஒப்பந்தம் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. 1939 ஏப்ரலில் துணிந்து பதிவு செய்தவர், இசைத்தட்டுக் கடைக்காரரான மில்ட் கேப்லர். ‘கமடோர்’ என்பது அவருடைய கடையின் பெயர். அதுவே அவர் வெளியிட்ட தட்டுகளின் பெயரும் ஆனது.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறவருக்கு அது வெறும் அமெரிக்கப் பாட்டு அல்ல.

கேப்லரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாஸ் ரசிகர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது அவர் கடை. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய பதிவுகளை மறுபடி அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். அப்படி அச்சிட்ட தட்டுகளில் குழுத்தலைவர் பெயரோடு நிற்காமல், டிரம்ஸ் வாசித்தவர், பாஸ் வாசித்தவர் என்று எல்லார் பெயரையும் போட்டார். சிற்றிதழ்க்காரன் செய்யும் காரியம்தான் இது. இசையைப் பகிர்வதென்றால் இப்படிப் பகிர வேண்டும். வாட்ஸ்அப்பில் நாற்பது சுட்டிகளை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவது பகிர்வு ஆகாது. அனுப்பியவரே முழுக்கக் கேட்டாரா என்பது சந்தேகம்.

நம் பக்கத்தில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலத்தில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு கேசட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த கேசட் அட்டைகளில் படத்தின் பெயர் இருக்கும், பாட்டின் முதல் வரி இருக்கும். வயலின் யார், தபேலா யார் என்று இருக்காது. திருவிழாவில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடித்த நாகஸ்வரக் கச்சேரி கேசட்டுகளின் கதி இதைவிட மோசம். தவில் யார் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பரணில் கிடக்கும் கேசட்டில் பூசணம் ஏறுகிறது. கோல்ட்ரேனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ் என்று உலகத்துக்கே தெரிகிறது. நம் கோயில் வாசலில் இரவெல்லாம் வாசித்தவர் பெயர் நமக்குத் தெரியாமல் போவது அநியாயம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நண்பர்கள் எங்கள் கூடுகைக்கு வாருங்கள். வரும்போது உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பதிவைக் கொண்டுவாருங்கள். ஜாஸாக இருக்கலாம், நாகஸ்வரமாக இருக்கலாம், பறையாகவும் இருக்கலாம். வாசித்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும், பதிவான ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். வீட்டில் பழைய கச்சேரி கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் கொண்டுவர வேண்டும். கணினியில் ஏற்றிப் பத்திரமாகத் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு.